ஓரத்தில் மட்டும் சிறகு

"அங்கள், நடுவுல உள்ளதெல்லாம் சும்மா புள்ளியா இருக்கு. ஓரத்துல உள்ளது மட்டும் பறக்குதே, எப்படி?"

பூதக்கண்ணாடியைப் படத்தின் வலது மூலையில் வைத்தபடி கவிதா கேட்டாள். புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். சிலாங்கூர் ஆற்று மின்மினிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறாள். கோலசிலாங்கூரில் எங்கள் வீட்டு வரவேற்பறை மேசையில், சட்டத்திலிருந்து கழற்றிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடந்தது. ஆற்றங்கரையில் ஒரு மரம், மரம் முழுக்க வெளிச்சப் புள்ளிகள்.

எதிரே என் தம்பி சவரிமுத்து. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் படத்தை எடுத்தவன். காலை பத்து மணிக்கு, சொந்த வீட்டில், சப்பாத்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பறக்குது லா, அதான் அந்தப் படத்தோட விசேஷமே," என்றான். "பாக்குறவங்க எல்லாரும் மொதல்ல அதத்தான் கேப்பாங்க."

"வெளிக் கிளையில உள்ளது மட்டும் இப்படி ஒண்ணா பறந்துச்சின்னா, அது பெரிய விஷயம் அங்கள். இது வரைக்கும் யாரும் எழுதல. ஒங்க பேரு போட்டு, அதுக்குன்னே ஒரு பாரா எழுதலாம்னு இருக்கேன்."

சவரி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். கடைத்தெருவில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டூடியோ வைத்திருந்தவன் அவன். அவன் பெயர் கல்யாணப் படங்களின் பின்பக்கத்தில் ரப்பர் முத்திரையாக விழுந்ததோடு சரி, எந்தப் புத்தகத்திலும் வந்ததில்லை.

நான் கோப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவை பறக்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அந்தச் சிறகுகளை, அந்தப் படம் எடுப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே, இங்கிலாந்தில் ஒரு மழை நாளில், பென்சிலால் புள்ளி புள்ளியாக வரைந்தவள் நான்.

சொன்னால் தம்பியின் பாரா போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு தப்பு புத்தகத்தில் ஏறிவிடும். கோப்பித் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

வெளிச்சத்துக்கு எதுக்கு கணக்கு?

போன வாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில், நர்ஸ் படிப்பை நான் விட்ட கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சுங்கை சோவிலிருந்து ஒரு வாசகி, "அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

விட்ட இடத்தைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து நிறையப் பெண்கள் நர்ஸ் படிக்க இங்கிலாந்து போனார்கள். நானும் போனேன். முதல் ஆபரேஷனிலேயே மயங்கி விழுந்தது நோயாளி அல்ல, நான். இரண்டாவது ஆபரேஷனிலும் நான்தான்.

அந்த ஊரில் ஒரு சின்ன லென்ஸ் தொழிற்சாலை இருந்தது. கணக்குத் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று கதவில் அட்டை தொங்கியது. எனக்குக் கணக்குத் தெரியும். தவிர, கண்ணாடியிலிருந்து ரத்தம் வராது என்று நம்பினேன். அதிலும் பாதிதான் உண்மை என்பது பிறகு புரிந்தது.

அப்பா எங்கள் தோட்டத்து ஆபீசில் கிராணி. செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டை எழுதியே கண் மங்கியவர். கணக்கு வேலை என்று நான் கடிதம் போட்டதும் அவருக்கு நிம்மதி. எந்தக் கணக்கு என்று விளக்கியபோதுதான் குழம்பிப்போனார். விடுமுறையில் நான் ஊருக்கு வந்தபோது நேரிலேயே கேட்டார்.

"வெளிச்சத்துக்கு எதுக்கு புள்ள கணக்கு? அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போவுது."

அது பாட்டுக்குப் போவதுதான் பிரச்சினை. கேமரா லென்ஸ் என்பது ஒற்றைக் கண்ணாடி அல்ல. ஒரு குழாய்க்குள் ஐந்தாறு கண்ணாடிகள் அடுத்தடுத்து இருக்கும். ஒரு கதிர் உள்ளே நுழைந்தால் ஒவ்வொரு கண்ணாடியின் முகத்திலும் கொஞ்சம் வளையும், வெளியேறும்போது இன்னும் கொஞ்சம் வளையும். கடைசியில் அது பிலிமில் எந்த இடத்தில் போய் விழும் என்பது கண்ணாடியைத் தேய்ப்பதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும். தேய்த்த பிறகு தெரிந்து பயனில்லை.

அதைத்தான் நாங்கள் கையால் போட்டோம். மடக்கை அட்டவணைப் புத்தகம், பென்சில், நீளத் தாள். ஒரு கதிரை முதல் கண்ணாடியிலிருந்து கடைசிக் கண்ணாடிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் தேநீர் மணி அடித்துவிடும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரே கதிரை இரண்டு பெண்கள் தனித்தனியாகப் போட வேண்டும். முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். ஒருத்தி தாளை இன்னொருத்தி பார்க்கக் கூடாது, இடையில் பேசக் கூடாது. முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். விடை ஒத்துப்போனால் அடுத்த கதிர். ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பேரும் முதலிலிருந்து.

"எங்கே தப்பினாய்?" என்று கேட்பதும் கூடாது. கேட்டால் ஒருத்தியின் தப்பு மற்றவளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் அனுபவம். எனக்கு ஜோடி டோரீன் என்ற உள்ளூர்ப் பெண். பாதி நாள் அவளை நான் பார்த்ததே இல்லை. முதுகுக்குப் பின்னால் புதினா மிட்டாய் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்கும். விடை சரியாக வருகிறதா என்ற பயம் வந்தால் இரண்டு மிட்டாய் நொறுங்கும்.

இதையெல்லாம் ஏதோ பொற்காலம் என்று யாராவது நினைத்தால், அவர்களை அந்த நாற்காலியில் ஒரு வாரம் உட்காரவைக்க வேண்டும். எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. கழுத்து வலித்தது. இயந்திரம் வரப்போகிறது என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான்.

கேக் வெட்டிய நாள்

பெரிய கம்பெனிகள் அதற்கு முன்பே கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டன. எங்களுடையது சின்னது. சொந்தமாக வாங்க வசதியில்லை. வேறொரு ஊரில் இருந்த இயந்திரத்தை மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுத்தோம்.

கேள்வியைக் காகித நாடாவில் ஓட்டை ஓட்டையாகக் குத்துவோம். நாடாவைச் சுருட்டி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, காலை ரயிலில் அனுப்புவோம். மறுநாள் அதே டின்னில் பதில் வரும். நாடாவில் எண்ணெய் வாசனையும் கொஞ்சம் பிஸ்கட் வாசனையும் சேர்ந்திருக்கும். இன்றைக்கும் ரொட்டி டின்னைத் திறந்தால் எனக்கு லென்ஸ் ஞாபகம் வருகிறது.

லென்ஸை வடிவமைத்தவர் திரு. வில்மட். உயரமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். இயந்திரத்திடம் எப்படிக் கேட்பது என்று அவர்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

லென்ஸின் தப்புகளையெல்லாம் கூட்டி ஒரே எண்ணாக்க வேண்டும். எந்தத் தப்பு நமக்கு முக்கியமோ அதைப் பெருக்கிக் கூட்ட வேண்டும், முக்கியமில்லாததைச் சுருக்கிக் கூட்ட வேண்டும். பிறகு, "இந்த எண்ணைக் குறைத்துக் கொடு" என்று இயந்திரத்திடம் சொல்ல வேண்டும். அது ஒவ்வொரு கண்ணாடியின் வளைவையும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கும், குறைத்துப் பார்க்கும். எண் குறைந்தால் அந்தப் பக்கம் போகும். அலுக்கவே அலுக்காது.

முதல் தடவை எண் கொஞ்சம் குறைந்தது. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். ஒரு வெள்ளிக்கிழமை டின்னைத் திறந்தபோது, எண் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. அப்படி ஒரு லென்ஸை உலகத்தில் யாரும் செய்ததில்லை. வில்மட் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய், ஒரு கேக் வாங்கி வந்தார்.

நாங்கள் தட்டு எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது, டோரீன் வழக்கம்போல அந்த எண்களை வைத்து லென்ஸின் குறுக்குவெட்டுப் படத்தைக் கவராயத்தால் வரைந்துகொண்டிருந்தாள். மூன்றாவது வளைவு, நான்காவது வளைவு. பென்சில் நின்றது. புதினா மிட்டாய் நொறுங்கும் சத்தமும் நின்றது.

மூன்றாவது கண்ணாடி நான்காவது கண்ணாடியின் வயிற்றுக்குள் இருந்தது.

கண்ணாடிக்குள் கண்ணாடி நுழைய முடியாது என்பதை இயந்திரத்திடம் யாரும் சொல்லவில்லை. அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. கையால் கணக்குப் போடுகிறவள் யாரும் அந்தத் தப்பைச் செய்யமாட்டாள். அவள் கண்ணாடியைப் பார்த்திருக்கிறாள். இயந்திரம் பார்த்ததில்லை. எண்ணைக் குறைக்கச் சொன்னோம், அது குறைத்துக் கொடுத்துவிட்டது.

வில்மட்டின் முகத்தில் ஈயாடவில்லை. கேக்கை மட்டும் எல்லோரும் சாப்பிட்டோம், நன்றாகவே இருந்தது.

பறவை

கையால் போட்ட காலத்தில் நாங்கள் செய்யாமல் விட்ட ஒன்று இருந்தது. நேராக மேலும் கீழுமாகப் போகிற கதிர்களை மட்டும்தான் போடுவோம். சாய்வாக, பக்கவாட்டில் திரும்பிப் போகிற கதிர்களைப் போடுவதில்லை. அந்தக் கணக்கு அவ்வளவு நீளம். அதனால் படத்தின் மூலையில் ஒரு வெளிச்சப் புள்ளி என்ன வடிவத்தில் விழும் என்பது, லென்ஸைச் செய்து முடித்துப் படம் எடுத்த பிறகுதான் தெரியும்.

இயந்திரத்துக்கு நீளக் கணக்கு, குட்டைக் கணக்கு என்ற பேதம் கிடையாது. சாய்ந்த கதிர்களையும் கொத்துக் கொத்தாகப் போட்டு அனுப்பியது.

அந்த வருஷம் நாங்கள் செய்துகொண்டிருந்தது இருட்டில் படம் எடுக்கிற லென்ஸ். வாய் அகலமானது, நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும். இயந்திரம் அனுப்பிய எண்களைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைப்பது என் வேலை. ஒவ்வொரு கதிருக்கும் ஒரு புள்ளி. லென்ஸ் நல்லதாக இருந்தால் எல்லாப் புள்ளிகளும் ஓரிடத்தில் குவியும்.

நடுப்பகுதிக்கு வைத்தேன், அழகாகக் குவிந்தது. பிறகு மூலைக்கு வைக்க ஆரம்பித்தேன். வெளியே மழை. கொஞ்சம் இடப்பக்கம் நீண்டது, அதே அளவு வலப்பக்கம் நீண்டது, நடுவில் ஒரு கூரான மூக்கு. வைத்து முடித்துத் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தால், இறக்கை விரித்த ஒரு பறவை.

பார்த்ததும் எனக்கு எங்கள் தோட்டத்துப் படகுத்துறை மரம் ஞாபகம் வந்தது.

சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்கள் நிற்கும். பொழுது சாய்ந்தால் மின்மினிகள் இலைக்கு இலை உட்கார்ந்து, எல்லாம் சேர்ந்து எரியும், எல்லாம் சேர்ந்து அணையும். இப்போது படகு வாடகைக்கு எடுத்து வந்து பார்க்கிறார்கள். அப்போது எங்களுக்கு அது கொசுக்கடியோடு சேர்ந்த ஒரு காட்சி. சவரிக்கு மட்டும் அந்த மரத்தின்மீது பைத்தியம். கைமாறி வந்த ஒரு கேமராவை வைத்துக்கொண்டு மரத்தைப் படம் எடுத்துப் பார்ப்பான். கழுவினால் பிலிம் காலியாக இருக்கும். "லென்ஸ் பத்தலக்கா," என்று எனக்கு எழுதிக்கொண்டே இருந்தான்.

இந்த லென்ஸ் பத்தும். ஆனால் ஓரத்துப் பூச்சியெல்லாம் பறவையாகிவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மணப்பெண் நிற்கும் இடம்

வில்மட்டிடம் போய்ச் சொன்னேன். ஓரத்துத் தப்பை இன்னும் பெருக்கிக் கூட்டுங்கள், இயந்திரம் அதைச் சரிசெய்யட்டும் என்றேன்.

"படத்தின் மூலையில் யார் விளக்குப் புள்ளியை வைப்பார்கள்?" என்று கேட்டார்.

மரத்தைப் பற்றிச் சொன்னேன். பூச்சிகள் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணையும் என்றதை அவர் நம்பினாரா தெரியவில்லை. ஆனால் சிரிக்கவில்லை. எனக்காக ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். பிஸ்கட் டின் போய்த் திரும்பி வந்தது. ஓரம் சுத்தமாகியிருந்தது. நடு பால் தெளித்ததுபோல மங்கியிருந்தது.

இரண்டு தாளையும் என் முன்னால் வைத்தார். "மணப்பெண் நடுவில்தான் நிற்பாள், ரெஜினா," என்றார்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் வாதாடினேன். மணப்பெண்ணைப் பகலில் எடுக்கலாம், வேறு லென்ஸில் எடுக்கலாம், மரத்துக்கு வேறு லென்ஸ் இல்லை என்றேன். அவர் கடைசிவரை கேட்டார், பிறகு முதல் தாளில் கையெழுத்துப் போட்டார். கோபம் வந்தது. கழிவறையில் போய் ஒரு பாட்டம் அழுதேன். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அந்தத் தாளில்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன். சவரியின் ஸ்டூடியோவுக்குப் பிற்பாடு சோறு போட்டதும் நடுவில் நின்ற மணப்பெண்கள்தான்.

இந்தக் கணக்கெல்லாம் இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. கவிதாவின் கைத்தொலைபேசியில் இருக்கிற லென்ஸ் மிளகளவு. அதில் மிச்சமிருக்கும் தப்பைப் படம் எடுத்த பிறகு உள்ளேயே கணக்குப் போட்டுத் திருத்திவிடுகிறார்கள். அவள் அதில் எடுத்த மின்மினிப் படத்தைக் காட்டினாள். மூலைவரை ஊசி குத்தினாற்போலப் புள்ளிகள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. வில்மட் பார்த்திருந்தால் கேக் வாங்கப் போயிருப்பார்.

படகுத்துறை

லென்ஸ் விற்பனைக்கு வந்தது. உறையில் கீறல் விழுந்ததால் கடைக்கு அனுப்ப முடியாத ஒன்று எனக்குக் கிடைத்தது. அடுத்த விடுமுறையில் அதைக் காலுறைக்குள் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன்.

நான் இன்னும் நர்ஸ்தான் என்று தோட்டத்தில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வந்த அன்றே மூன்று பேர் கையைக் காட்டி ஊசி போடச் சொன்னார்கள். அந்தக் கதையை வேறொரு வாரம்தான் எழுத வேண்டும், கொஞ்சம் நீளம்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா சொன்னார்.

"தொறப் பக்கம் மரத்தையெல்லாம் வர்ற திங்கக்கெழம வெட்டுறாங்க. கரை போட்டு செம்பனை வைக்கப் போறாங்களாம். மேனேஜர் ஆள் பிரிச்சிட்டாரு."

சவரி சோற்றிலிருந்து கையை எடுத்தான். "படகுத்தொற மரமுமாப்பா?"

"எல்லா மரமுந்தான்."

அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் மழை கொட்டியது. சவரி கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். மிச்சம் இருந்தது ஞாயிறு மட்டும்.

ஞாயிறு மழை இல்லை. பூசையிலிருந்து வந்த வேட்டியோடு படகுத்துறைக்குக் கிளம்பினான். பலகையில் கேமரா முக்காலியை நிறுத்தி, லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தான். திறப்பைச் சுருக்கினால் ஓரம் சுத்தமாகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சுருக்கினால் மின்மினி வெளிச்சம் பிலிமுக்குப் பத்தாது. அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

பலகை ஆடும் என்பதால் நான் அசையக் கூடாது என்று உத்தரவு போட்டான். கொசு கடித்தால்கூட அடிக்கக் கூடாது. பிறகு, மூச்சையும் கொஞ்சம் அடக்கிக்கொள் என்றான். ஆற்றுச் சேற்று வாசனை. நீர் ஏறிக்கொண்டிருந்தது. மரம் எரிந்தது, அணைந்தது, எரிந்தது. அவன் உதடு மட்டும் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை கோடரிச் சத்தம் கேட்டது. அன்றே அவன் குளியலறை ஜன்னலில் கம்பளியைக் கட்டி இருட்டாக்கி, சிவப்பு விளக்கில் படத்தைக் கழுவினான். நானும் கூட நின்றேன். தட்டில் இருந்த வெள்ளைத் தாளில் மெல்ல மரம் வந்தது. நடுவில் புள்ளிகள், குண்டூசித் தலைபோலத் தெளிவாக. பிறகு ஓரங்கள் வந்தன.

என் பறவை. அதே மூக்கு, அதே இறக்கை. மழை நாளில் கட்டத்தாளில் நான் வைத்த வடிவம், மரத்தைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கில். எனக்கு அவமானமாக இருந்தது. கூடவே, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருந்தது. கணக்கு அவ்வளவு சரியாக வந்திருந்தது.

சவரி தாளை இடுக்கியால் தூக்கிப் பிடித்தான். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது.

"அக்கா, பறக்குதுக்கா!"

வெளியே இரண்டாவது மரம் விழுகிற சத்தம் கேட்டது. திரும்ப எடுக்க மரம் இல்லை. "நல்லா வந்திருக்குடா," என்றேன்.

அந்தப் படம் ஸ்டூடியோ முகப்பில் தொங்கியது. படம் எடுக்க வருகிற குடும்பங்களுக்கெல்லாம் அதைக் காட்டி, "ஓரத்துல பாருங்க, பறக்குது," என்பான். கடை போய், அங்கே கைத்தொலைபேசி பழுதுபார்க்கிற கடை வந்த பிறகு படம் வீட்டுக்கு வந்தது. நான் இங்கிலாந்திலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டதும் அதுதான்.

அளவுகோல்

கோப்பித் தட்டை மேசையில் வைத்தேன்.

"அது பறக்கலம்மா, கவிதா."

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எல்லாம் எலையிலதான் உக்காந்திருக்கு. ரெக்க மாதிரி தெரியிறது லென்ஸோட தப்பு. நான் வேல செஞ்ச எடத்துல பண்ண லென்ஸ் இது. அளவுகோல் வச்சிப் பாரு, ஒனக்கே தெரியும். பூச்சி பறந்தா ஒவ்வொண்ணும் ஒரு பக்கமா பறக்கும். இதுங்க மூக்கெல்லாம் படத்து நடுவப் பாத்து நிக்கும்."

கவிதா பையிலிருந்து அளவுகோலை எடுத்தாள். ஒரு பறவையின் மூக்கிலிருந்து நடுவுக்கு வைத்தாள். இன்னொன்றிலிருந்து வைத்தாள். மேலே, கீழே, இடப்பக்கம். அளவுகோல் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தைக் கடந்து போனது.

"அய்யோ, ஆமா ஆன்ட்டி," என்றாள். பிறகு சவரியைப் பார்த்தாள். பாரா போய்விட்டது என்று எப்படிச் சொல்வது எனத் தெரியாமல் கோப்பியை எடுத்துக் குடித்தாள்.

சவரி குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். எழுபத்தைந்து வயதுக்காரன் விருந்தாளி முன்னால் சப்பாத்தைக் கழற்றுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"மரத்ததான் வெட்டிட்டாங்களேன்னு அன்னிக்கி சொல்லலடா," என்றேன். "திருப்பி எடுக்க முடியாதுல்ல."

"எனக்குத் தெரியும்க்கா." அவன் நிமிரவில்லை.

"என்ன தெரியும்?"

"லென்ஸுதான்னு. அந்த வருசமே தெரியும். கெர்லிங்ல ஒரு கல்யாணம். மணவறையச் சுத்தி கட்டியிருந்த சீரியல் லைட்டு பூரா ரெக்க வச்சி நின்னுச்சி. அப்பறம் கோயில்ல மெழுகுத்திரி. மெழுகுத்திரி எங்கனாச்சும் பறக்குமாக்கா?"

"அப்புறம் ஏன்டா ஊரெல்லாம் பறக்குது பறக்குதுன்னு சொல்லிக்கிட்டிருந்த?"

இப்போது நிமிர்ந்தான். இதைக்கூட விளக்க வேண்டுமா என்பதுபோல என்னைப் பார்த்தான்.

"பின்ன? எங்கக்கா பண்ண லென்ஸு கோளாறுன்னா சொல்லச் சொல்ற?"

ஐம்பது வருஷம் நாங்கள் முதுகோடு முதுகாக உட்கார்ந்து, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறோம். கோப்பியைக் குடித்தேன். அது ஆறிப்போயிருந்தது.

கவிதாதான் முதலில் பேசினாள். பூதக்கண்ணாடியை மறுபடி மூலையில் வைத்திருந்தாள்.

"ஆன்ட்டி, இந்த மூக்குதான பூச்சி உக்காந்திருக்கிற எடம்?"

"ஆமா. பளிச்சுன்னு இருக்குல்ல, அதான்."

"அப்ப ஓரத்துல உள்ளதையும் ஒண்ணு விடாம எண்ணலாம். அந்தத் தொறையில மின்மினி இருந்துச்சின்னு சொல்றதுக்கு வேற படமே இல்ல, அங்கள். இப்ப அங்க ஒண்ணுகூட இல்ல. இது புத்தகத்துல கட்டாயம் வரணும். ஒங்க பேரோடதான் வரும்." பேனாவை எடுத்தாள். "கீழ என்ன எழுதட்டும்? பறக்குதுன்னு போட முடியாது."

சவரி படத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து, அவிழ்த்த சப்பாத்துக் கயிற்றைத் திரும்பக் கட்டினான்.

"பூச்சி ஆத்தோடது, ரெக்க எங்கக்காவோடதுன்னு போடும்மா."